எண்பத்திநாலில் நின்ற இலக்கம்

லண்டன்
12-01-1992

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு முதல் இது உங்கடை கையிலை கிடைக்காது எண்டு தெரியும். எண்டாலும் பொங்கல் நினைப்போடைதான் எழுதுறன். நீங்கள், அத்தான், பிள்ளை இராசமலர் மூண்டு பேரும் சுகமாய் இருக்கிறியளோ? எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இந்த முறை ஒரு வேலைக் காரியம், அக்கா. கொழும்பிலை கூட்டுத்தாபனத்தின்ரை கொம்பியூட்டர் பகுதியிலை ஆறு வருசம் நீங்கள் புரோகிராம் எழுதினனீங்கள். எண்பத்திமூண்டிலை கப்பலேறி ஊருக்கு வந்தாப்பிறகு டியூட்டரியிலை கணக்குப் படிப்பிக்கிறியள். ஆனால் ஒரு புரோகிராம் ஏன் இடையிலை நிண்டு விழுகுது எண்டு யோசிக்கிறதிலை உங்களைப் போலை ஒரு ஆளை நான் இஞ்சை இன்னும் காணேல்லை.

எங்கடை கொம்பனி சின்னது, பன்னிரண்டு பேர். ஆஸ்பத்திரி வாட்டிலை நேர்ஸ்மார் இருக்கிற மேசைக்கு ஒரு திரை செய்யிறம். எட்டுக் கட்டில் நோயாளியளின்ரை நாடியும் மூச்சும் அந்த ஒரு திரையிலை தெரியும். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. வேண்டினால் பெரிசாக்கலாம், மூடலாம். இந்தப் பெட்டி, பொத்தான் எல்லாத்தையும் நாங்களே முதலிலையிருந்து எழுதுறதில்லை. ஆயத்தமாய் எழுதி விக்கிற கருவித்தொகுதியள் இருக்கு. அதை வாங்கி, அதுக்கு மேலை எங்கடை புரோகிராமைக் கட்டுறது.

இரண்டு தொகுதி கையிலை இருக்கு. புத்தக அட்டையின்ரை நிறத்தை வைச்சு சிவப்பு, நீலம் எண்டுதான் நாங்கள் கதைக்கிறது. சிவப்பு பழசு, பாக்க வடிவில்லை. நீலம் புதிசு, நல்ல வடிவு. ஒரே புரோகிராமை இரண்டிலையும் கட்டி ஆறு கிழமை ஓடவிட்டம். சிவப்பு பதினொரு தரம் விழுந்தது. நீலம் இரண்டு தரம். எது உறுதியானது எண்டு யூலை முடிவிலை நான் அறிக்கை குடுக்கவேணும். நீலம்தான் எண்டு எனக்குப் படுகுது. நீங்கள் என்ன சொல்லுறியள்?

இராசமலரை இஞ்சை படிக்கக் கூப்பிடுற விசயமாய் ஒரு சட்டத்தரணியோடை கதைச்சனான். என்ரை வேலைப் பெர்மிட்டை அடுத்த வருசம் நீடிச்சுத் தந்தால் வழி இருக்கு எண்டு சொல்லுறார்.

அத்தானையும் பிள்ளையையும் கேட்டதாய்ச் சொல்லுங்கோ.

அன்புத் தம்பி
தில்லைநாதன்


இணுவில்
02-03-1992

அன்புத் தம்பி தில்லைக்கு,

மாசி இருபத்தாறிலை உன்ரை கடிதம் கிடைச்சுது. பிள்ளையார் துணையிலை மூண்டு பேரும் இருக்கிறம். அத்தான் வெங்காயம் கிண்டி முடிச்சிட்டார். தண்ணி மிசினுக்கு மண்ணெண்ணை இல்லாதபடியாலை கிணத்துத் துலாவாலைதான் இறைப்பு. இராசமலர் உடுவில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளிலை போய் வாறாள். ஹெலி சத்தம் கேட்டால் வழியிலை ஆரின்ரையாவது பங்கர் குழிக்கை இறங்கி இருந்திட்டு வருவாள். நான் கேக்கிறதில்லை, அவளும் சொல்லுறதில்லை.

நீ எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன். எத்தினை தரம் விழுந்தது எண்டு எழுதியிருக்கிறாய். எப்பிடி விழுந்தது எண்டு எழுதேல்லை. கொழும்பிலை எங்கடை மிசின் நிண்டால் லைட் எல்லாம் அணைஞ்சு, பெரியவர் மேலையிருந்து இறங்கி ஓடி வருவார். நிண்டது முழுக் கந்தோருக்கும் தெரியும். உன்ரை திரை நிண்டால் அந்த நேர்ஸ் பிள்ளைக்கு அது நிண்டிட்டுது எண்டு தெரியுமோ? அதைச் சொல்லாமல் பதினொண்டையும் இரண்டையும் பக்கத்திலை வைச்சு எது உறுதி எண்டு சொல்ல ஏலாது.

இரண்டும் ஒரே அளவு மணித்தியாலம் ஓடினதோ? பாவிச்ச ஆக்கள் ஒரே ஆக்களோ? அந்த ஆறு கிழமைக்கிடையிலை தொகுதிக்காரர் ஏதும் மாத்தி அனுப்பினவையோ? பதிவுத் தாள் இருந்தால் முழுக்க அனுப்பு. எனக்குச் சிரமம் எண்டு சுருக்கிப்போடாதை.

இராசமலரின்ரை விசயத்தை நீ எழுதினதை அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் முடியுமட்டும் கேட்டார். பேந்து எழும்பிப் போய் வாய்க்காலிலை நிண்டார்.

உடம்பைக் கவனி.

உன் அக்கா
பத்மாவதி


லண்டன்
14-04-1992

அன்புள்ள அக்காவுக்கு,

இண்டைக்கு வருசப்பிறப்பு. இஞ்சை வேலை நாள். மத்தியானம் யாகோப்பு தன்ரை சாப்பாட்டிலை பாதியைத் தந்தார். அவர் பாசையூர் ஆள், எங்கடை கொம்பனியிலை பரிசோதனை வேலை. இதோடை வாற அறுபத்திரண்டு தாளையும் போட்டோப்பிரதி எடுத்துத் தந்ததும் அவர்தான். அந்த ஆறு கிழமையும் நாடி பாக்கிற கிளிப்பைத் தன்ரை விரலிலை மாட்டிக்கொண்டு இருந்ததும் அவர்தான். தாளிலை வாற நாடி எல்லாம் யாகோப்பின்ரை நாடி.

நீங்கள் கேட்டதுக்குப் பதில். மணித்தியாலம் இரண்டுக்கும் ஒண்டு. ஆக்களும் ஒண்டு. சிவப்பு மூண்டு வருசமாய் மாறேல்லை. நீலக்காரர் அந்த ஆறு கிழமைக்குள்ளை இரண்டு தரம் புதுப் பதிப்பு அனுப்பினவை. இரண்டாவது வந்தவுடனை எங்கடை புரோகிராமிலை நாப்பது இடத்திலை திருத்தவேண்டி வந்தது.

சிவப்பு விழுந்தால் திரை முழுக்கக் கறுப்பாய்ப் போகும். திருப்பி எழும்ப இரண்டு நிமிசம். ஆஸ்பத்திரிக்காரருக்கு முன்னாலை ஒருக்கால் அப்பிடி விழுந்து எங்களுக்கு மானம் போச்சு. நீலம் விழுந்தால் படம் அப்பிடியே இருக்கும், இலக்கம் மட்டும் மாறாது. பொத்தானை அமத்தி, வேலை செய்யாததைக் கண்டுதான் பிடிச்சனாங்கள். அதைத்தான் இரண்டு எண்டு எழுதினனான்.

நீலத்தை ஆஸ்பத்திரிக்காரர் பாத்திட்டினம், அவைக்குப் பிடிச்சுப் போட்டுது. எங்கடை மனேச்சர் மனசிலை முடிவெடுத்திட்டார் எண்டு நினைக்கிறன். எனக்கு உங்கடை சொல்லு வேணும், அக்கா. யூலைக்கு முதல் வந்தால் நல்லது.

சவுக்காரமும் பேனையும் கொழும்பாலை ஒராளிட்டைக் குடுத்து விட்டிருக்கிறன். வந்தால் எழுதுங்கோ.

தில்லை


இணுவில்
04-06-1992

அன்புத் தம்பிக்கு,

தாள் அறுபத்திரண்டும் குறையாமல் வந்து சேந்தது. சவுக்காரம் வரேல்லை, பேனை வந்தது. அந்தப் பேனையாலைதான் எழுதுறன். நாங்கள் சுகம். அத்தான் மட்டும் தகரம் ஒண்டை மிதிச்சு இடது காலிலை காயம். மருந்து கட்டுறம், ஆறிவிடும். அப்பாவின்ரை திவசத்தைக் கிணத்தடியிலை செய்தம். கீரிமலைத் தீர்த்தப் பக்கம் ஆமி இருக்கிறதாலை இந்த வருசமும் போக ஏலாது.

இனி நீ கேட்டது. நிதானமாய் வாசி.

சிவப்பு விழுந்த பதினொண்டிலை ஒன்பது ஒரே மாதிரி. ஒராள் ஒரு நோயாளியின்ரை பெட்டியை மூடின அதே கணத்திலை அந்தப் பெட்டிக்குப் புது இலக்கம் ஒண்டு வந்து சேருது. பெட்டி இல்லை, இலக்கம் நிக்குது. சிவப்பு அந்த இடத்திலை செத்துப் போகுது. இது சிவப்பின்ரை பிழை இல்லை, தில்லை. மூடின பெட்டிக்கு இலக்கம் அனுப்புறது உங்கடை புரோகிராம். பிழை உங்கடை.

அப்ப அதே புரோகிராம் நீலத்திலை ஏன் விழேல்லை? அதுக்குத்தான் மூண்டு கிழமை செலவழிச்சன். இராசமலர் இலக்கங்களை வாசிக்க நான் குறிச்சன். மார்கழி பதினெட்டாம் பக்கத்தை எடுத்துப் பார். பத்து மணி நாலு நிமிசத்திலையிருந்து யாகோப்பின்ரை நாடி எழுபத்திரண்டு. ஐஞ்சு நிமிசம் எழுபத்திரண்டு. பேந்து ஒரேயடியாய் எண்பத்தொண்டு. உயிரோடை இருக்கிற மனுசற்றை நாடி ஐஞ்சு நிமிசம் ஒரே இலக்கத்திலை நிக்காது. இருந்தால் எழும்பினால் மாறும், ஒரு பகிடி கேட்டால் மாறும். நீலம் அதே பிழையை விழுங்கிப்போட்டு, இலக்கத்தைப் புதுப்பிக்கிற வேலையையும் சேத்து நிப்பாட்டிப் போடுது. ஆரும் வேறை பெட்டியைத் திறந்தால் திரும்பத் தொடங்குது. உப்பிடிப் பதினாலு இடம் கண்டன். நீ இரண்டு எண்டு எழுதினது பதினாறு.

சிவப்பு விழுந்தால் எல்லாருக்கும் தெரியும். நீலம் விழுந்தால், விழேல்லை எண்டு சொல்லிக்கொண்டு நிக்கும். வாட்டுக்கு எது உறுதி எண்டு நீயே சொல்லு.

முதலிலை உங்கடை பிழையைத் திருத்துங்கோ. பிறகு எந்த நிறத்தை எடுத்தாலும், திரையின்ரை மூலையிலை ஒரு புள்ளி மின்னவேணும், இலக்கம் வாற அதே வழியாலை. அது நிண்டால் நேர்ஸ் பிள்ளைக்கு எல்லாம் நிண்டிட்டுது எண்டு விளங்கும். அதுவரைக்கும் நீலத்தை ஒரு நோயாளிக்குப் பக்கத்திலையும் வையாதை.

காபன் தாள் போட்டு எழுதினனான். பிரதி என்னட்டை இருக்கு. கொழும்புப் பழக்கம்.

அக்கா
பத்மாவதி


லண்டன்
20-09-1992

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட நாளாய் எழுதாததுக்கு மன்னியுங்கோ. வேலை கூட. எல்லாரும் சுகமாய் இருப்பியள் எண்டு நம்புறன். இஞ்சை இலை கொட்டத் தொடங்கிட்டுது.

பங்குனிக்குப் பிறகு உங்கடை கடிதம் ஒண்டும் கிடைக்கேல்லை. தபால் நிலைமை தெரிஞ்சதுதானே. அறிக்கைக்கு நாள் முடிஞ்சபடியாலை நான் எழுதிக் குடுத்திட்டன். நீலத்தைத்தான் எடுத்தவை. ஓகஸ்ட்டிலை முதல் வாட்டிலை திரையைப் பூட்டி ஓடவிட்டாச்சு. எல்லாருக்கும் சந்தோசம். என்னைப் பகுதிக்குப் பொறுப்பாய்ப் போட்டிருக்கினம். பெர்மிட் நீடிக்கிறதுக்கு இது நல்லது எண்டு சட்டத்தரணி சொன்னார். இராசமலரின்ரை பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்ரை பிரதி இரண்டு எடுத்து அனுப்புங்கோ. பள்ளிக்கூடக் கடிதமும் வேணும்.

மழைக்கு முதல் கூரையைப் பாத்துக்கொள்ளுங்கோ. அத்தானின்ரை கால் ஆறிட்டுதோ?

தம்பி
தில்லைநாதன்


இணுவில்
15-11-1992

தம்பி தில்லைக்கு,

நாங்கள் இருக்கிறம். சோதினைத் தாளின்ரை பின்பக்கத்திலை எழுதுறன், வேறை கடதாசி இல்லை. குசினிப் பக்கச் சுவர் இடிஞ்சு போச்சு. ஒருத்தரும் அந்த நேரம் உள்ளுக்கை இல்லை. டியூட்டரி ஒரு கிழமை மூடித் திறந்தாச்சு.

இராசமலரின்ரை பத்திரங்களை இதோடை வைச்சிருக்கிறன்.

பங்குனிக்குப் பிறகு என்ரை கடிதம் கிடைக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறாய். அத்தானின்ரை காலிலை காயம் எண்டது உனக்கு எந்தக் கடிதத்திலை தெரிஞ்சது?

நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை. ஆனியிலை எழுதினதின்ரை சுருக்கத்தைத் திரும்ப எழுதி வைக்கிறன், ஒருவேளை தாள் ஒண்டு தவறியிருந்தால். நீலத்தை வாட்டிலையிருந்து கழட்டு. கழட்ட ஏலாட்டில், பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் ஆரையும் ஒரு பெட்டியைத் திறந்து மூடச் சொல்லு. இண்டைக்கே சொல்லு. இது உன்ரை கையிலை கிடைக்கத் தை மாசம் ஆகும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் இண்டைக்கே எண்டு எழுதுறன்.

அக்கா


லண்டன்
08-02-1993

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. தம்பி தில்லைநாதனோடு வேலை செய்த யாகோப்பு நான். உங்களுக்கு அனுப்பிய தாள்களைப் பிரதி எடுத்தவன். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

மார்கழி மூன்றாம் திகதி, நாங்கள் திரை பூட்டிய வாட்டில் ஒரு வயதான பெண் இறந்து போனார். நாற்பது நிமிடமாக அவருடைய பெட்டியில் எண்பத்திநாலு என்ற இலக்கம் நின்றிருக்கிறது. கடமையில் இருந்த தாதி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து, குறிப்பேட்டில் நாலு தடவை எண்பத்திநாலு என்று எழுதியிருக்கிறார். ஐந்தாம் தடவை கட்டிலுக்குப் பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது.

பரிசோதனைப் பத்திரத்தில் கையெழுத்து என்னுடையது. நான் கவனிக்காமல் விட்டேன் என்று என்னை வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனி பதினாலாம் திகதி விசாரணை. எனக்கு மூன்று பிள்ளைகள். மனைவி பெர்னடெட் இன்னும் ஊராருக்குச் சொல்லவில்லை.

அக்கா, போன வருடம் யூலை மாதம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தில்லை என்னிடம், "அக்காவின்ரை கடிதம் வந்திருக்கு, ஏதோ கண்டுபிடிச்சிருக்கிறா" என்று சொன்னார். அடுத்த நாள் கேட்டேன். "அது ஒண்டுமில்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நீங்கள் திரை உறைவதைப் பற்றி எழுதினீர்களா? எழுதினீர்கள் என்றால் அதை எனக்கு அறியத் தருவீர்களா? தம்பிக்கு எதிராக உங்களைக் கேட்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வழி இல்லாமல் கேட்கிறேன்.

இங்ஙனம்
சூ. யாகோப்பு


லண்டன்
15-02-1993

அன்புள்ள அக்காவுக்கு,

கார்த்திகையிலை நீங்கள் போட்ட கடிதம் தை ஐஞ்சாம் திகதி வந்தது. அதுக்கு ஒரு மாசம் முதல் எல்லாம் நடந்து முடிஞ்சுது. யாகோப்பு உங்களுக்கு எழுதப்போறன் எண்டு ஆரிட்டையோ சொன்னாராம். அதாலை நான் முழுக்கச் சொல்லுறன்.

உங்கடை ஆனிக் கடிதம் யூலை பத்தொன்பது வந்தது. குசினியிலை நிண்டபடி வாசிச்சன். நீங்கள் சொன்னது சரி எண்டு வாசிச்ச உடனையே தெரியும். ஆனால் அறிக்கை அப்பவே பாதி எழுதியாச்சு, ஆஸ்பத்திரிக்காரர் நீலத்துக்கு ஓம் எண்டு சொல்லியாச்சு. பதினாலு இடத்தை நான் தவறவிட்டன் எண்டு சொன்னால் என்னை ஆர் வைச்சிருப்பினம்? பெர்மிட் என்ன ஆகும்? எங்கடை பிழையை ஒருத்தருக்கும் தெரியாமல் நானே திருத்திப்போடுவம் எண்டு நினைச்சன். இரண்டு கிழமை இருந்து திருத்தினன், அக்கா. அதை நம்புங்கோ. பெட்டி மூடுற இடம் ஒன்பதைக் கண்டு திருத்தினன். பத்தாவது ஒண்டு இருந்திருக்கு. புள்ளி போடேல்லை. போட்டால் ஏன் எண்டு கேப்பினம்.

யாகோப்பு உங்களுக்கு எழுதினால் தயவுசெய்து பதில் போடாதையுங்கோ. விசாரணையிலை கடிதம் கிடைக்கேல்லை எண்டு நான் சொன்னால் ஆரும் நம்புவினம். யாழ்ப்பாணத்திலையிருந்து கடிதம் வராதது ஒரு புதினமில்லை. யாகோப்புக்கு வேறை வேலை கிடைக்கும், அவருக்கு இந்த நாட்டிலை நிரந்தர விசா இருக்கு. எனக்கு இல்லை. நான் போனால் இராசமலரின்ரை பத்திரங்களும் அதோடை போகும். அவளை நினைச்சுப் பாருங்கோ.

தம்பி
தில்லை


இணுவில்
02-04-1993

தம்பிக்கு,

உன்ரை கடிதமும் யாகோப்பின்ரை கடிதமும் ஒரே நாள் வந்தது. தபால்காரர் இரண்டையும் ஒரு ரப்பர் நாடாவாலை கட்டித் தந்தார்.

முதலிலை என்ரை பொய்யைச் சொல்லுறன். அத்தான் மிதிச்சது தகரம் இல்லை. தோட்டத்திலை நிக்கேக்கை ஷெல் விழுந்து, துண்டு ஒண்டு காலுக்கை ஏறிட்டுது. பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தவை. இப்ப பொல்லு ஊண்டித்தான் நடக்கிறார், துலாவை நானும் இராசமலரும் பாக்கிறம். பிள்ளைக்காக நீ ஓடித்திரியிற நேரம் உன்னைப் பதறடிக்கக் கூடாது எண்டு தகரம் எண்டு எழுதினன். ஒண்டை மறைக்கிறது எவ்வளவு லேசு எண்டு எனக்கும் தெரியும். எண்டபடியால் உனக்குக் கல்லெறிய நான் வரேல்லை.

யாகோப்புக்குப் பதில் போடுறதோ இல்லையோ எண்டு ஒரு நாள் முழுக்க யோசிச்சன். இராசமலர் வீட்டு முத்தத்திலை இருந்து படிச்சுக்கொண்டிருந்தாள். அவளைப் பாத்துக்கொண்டுதான் யோசிச்சன். இஞ்சையிருந்து அவளை எடுக்க எனக்கு உன்னைத் தவிர வேறை வழி இல்லை. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சபடியாலைதான் அவளின்ரை பேரைக் கடைசி வரியிலை எழுதினாய். பின்னேரம் அவளிட்டை இரண்டு கடிதத்தையும் குடுத்தன். வாசிச்சாள். "மாமா சொன்னபடி செய்தால் நான் போய் அந்த வீட்டிலைதானே இருக்கவேணும், அம்மா" எண்டு கேட்டாள். பேந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுததையும் எழுதுறன், மறைக்கேல்லை.

இது நாளைக்குப் போற பையிலை போகுது. யாகோப்புக்கு எழுதின பதிலும், ஆனிக் கடிதத்தின்ரை காபன் பிரதியும் உறையிலை போட்டு ஒட்டியாச்சு. அதை இரண்டு கிழமை கழிச்சு, அடுத்த கப்பல் பைக்குப் போடுவன். அந்த இரண்டு கிழமையும் உனக்கு. அது போய்ச் சேர முதல் நீயாய்ப் போய்ச் சொல்லு. யாகோப்பு என்ரை தாளைக் காட்டி வெளியிலை வந்தால், உன்னைப் பிடிச்சதாய்ப் போகும். நீ சொன்னால் நீ சொன்னதாய் இருக்கும். எங்கடை அம்மா பெத்த பிள்ளைக்கு என்னாலை ஏலுமானது அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


லண்டன்
20-06-1993

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கடை கடிதம் மே இருபதாம் திகதி வந்தது. அண்டு தொடங்கி ஒவ்வொரு நாளும் யாகோப்பு கதவைத் தட்டுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வரேல்லை. ஜூன் ஐஞ்சு போச்சு, பத்துப் போச்சு. சொல்லிப்போடுவம் எண்டு மூண்டு தரம் மனேச்சரின்ரை கதவடிக்குப் போய்த் திரும்பி வந்தன். பொய் எழுதேல்லை, அக்கா, அப்பிடித்தான் இருந்தனான்.

பதினாலாம் திகதி விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூண்டு பேர். பின் கதிரையிலை செத்த மனுசியின்ரை மகள் கோட்டைக் கழட்டாமல் இருந்தா. முதலிலை யாகோப்பைக் கூப்பிட்டவை. "உங்கடை பக்கம் காட்ட ஏதும் இருக்கோ" எண்டு கேக்க, "இல்லை" எண்டார். அப்பதான் உங்கடை கடிதம் அவருக்கு வந்து சேரேல்லை எண்டு எனக்கு விளங்கினது. அவர் என்னைப் பாக்கவும் இல்லை. தன்ரை சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

பிறகு என்னைக் கேட்டவை. பூட்டுறதுக்கு முதல் இது உமக்குத் தெரியுமோ எண்டு. ஓம் எண்டு சொன்னன். எப்பிடி எண்டு கேட்டவை. உங்கடை ஆனிக் கடிதத்தைப் பையிலையிருந்து எடுத்தன். எதுக்கு அதைக் கொண்டுபோனன் எண்டு எனக்கே தெரியாது. தமிழிலை இருந்தபடியாலை, வாசிச்சு மொழிபெயர்க்கச் சொன்னவை. வாசிச்சன். உயிரோடை இருக்கிற மனுசற்றை நாடி எண்ட இடத்துக்கு வர அந்த மகள் தலையை நிமித்திப் பாத்தா. நான் அந்த வரியோடை நிப்பாட்டிப் போட்டன். யாகோப்பு எழும்பி வந்து, என்ரை கையிலையிருந்து தாளை வாங்கி, மிச்சத்தை வாசிச்சு முடிச்சார். புள்ளி மின்னவேணும் எண்டதையும், ஒரு நோயாளிக்குப் பக்கத்திலையும் வையாதை எண்டதையும்.

என்னை அண்டைக்கே வேலையாலை நிப்பாட்டியாச்சு. பெர்மிட் ஒக்டோபரோடை முடியுது. பொலிஸ் விசாரணையும் வரலாம் எண்டு சட்டத்தரணி சொல்லுறார். யாகோப்பைத் திருப்பி எடுத்திட்டினம். நீலத்தை எல்லா வாட்டிலையும் கழட்டினவை. இராசமலரின்ரை பத்திரங்களைச் சட்டத்தரணி எனக்குத் திருப்பித் தந்திட்டார். அவளுக்கு நான் என்ன எழுதுறது எண்டு தெரியேல்லை.

வெளியிலை பஸ் தரிப்பிலை யாகோப்பு எனக்குப் பக்கத்திலை வந்து நிண்டார். பஸ் வர, "உங்கடை அக்கா எனக்கு ஒண்டும் எழுதேல்லை" எண்டு மட்டும் சொன்னார்.

அக்கா, நீங்கள் அதை அனுப்பினீங்களோ?

தில்லை


இணுவில்
09-08-1993

அன்புத் தம்பி தில்லைக்கு,

நாங்கள் மூண்டு பேரும் சுகம். இந்த முறை இது உண்மை. அத்தான் பொல்லில்லாமல் கிணத்தடி வரைக்கும் நடக்கிறார்.

அனுப்பினனான். சித்திரை பதினாறாம் திகதி, வெள்ளிக்கிழமை. தபால் கந்தோர் வாசலிலை அரை மணித்தியாலம் உறையைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டன். பேந்து போட்டன். உன்ரை கடிதம் வந்தாப்பிறகு போய் விசாரிச்சன். அந்தக் கிழமைப் பை துறைக்குப் போற வழியிலை, லொறியோடை எரிஞ்சு போச்சாம். அதுக்குள்ளை எத்தினை பேரின்ரை கடிதமோ தெரியாது.

அப்ப நீ பேசாமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் ஒருக்காலும் தெரிஞ்சிருக்காது. யாகோப்பு ஒண்டும் இல்லை எண்டு சொன்ன அந்தக் கணத்திலை அது உனக்கு விளங்கினது எண்டு நீயே எழுதியிருக்கிறாய். விளங்கினாப்பிறகும் ஓம் எண்டு சொன்னாய். நான் அந்த வரியை அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் திரும்ப ஒருக்கால் வாசிக்கச் சொன்னார்.

யாகோப்புக்கு இதோடை ஒரு துண்டு வைச்சிருக்கிறன். நீயே கொண்டுபோய்க் குடு. தபாலிலை போடாதை.

இராசமலருக்கு நீ ஒண்டும் எழுதத் தேவையில்லை எண்டு அவளே சொல்லுறாள். சோதினை எடுத்திட்டாள். கடைசிக் கணக்குத் தாள் நாள் பொம்மர் விமானம் வந்து, எல்லாரும் மேசைக்குக் கீழை இருந்து எழுதினவையாம். மறுமொழி வந்தால் சொல்லுவாள். அவளுக்கு என்ன வழி எண்டு எனக்கு இப்ப தெரியாது. தெரியாது எண்டுதான் எழுதலாம்.

ஒக்டோபருக்குப் பிறகு எங்கை இருப்பாய்? விலாசம் மாறினால் அறியத் தா. உனக்கு ஏதும் நடந்தால் தகரம் எண்டு எழுதாதை.

இன்னுமொண்டு. இந்தக் கிழமை முழுக்க உன்ரை கடிதங்களைத் திரும்ப எடுத்து வாசிச்சன், யாகோப்பின்ரையும். வயதான பெண் எண்டு இருக்கு, செத்த மனுசி எண்டு இருக்கு, நோயாளி எண்டு இருக்கு. கணக்குப் பாத்த எனக்கு எண்பத்திநாலு மட்டும்தான் தெரியும். வாற வெள்ளிக்கிழமை கோயிலிலை அவவுக்காக ஒரு விளக்கேத்த நினைக்கிறன், குருக்கள் பேர் கேப்பார்.

அந்த மனுசியின்ரை பேர் என்ன?

உன் அக்கா
பத்மாவதி